நாற்பது பட்டன் ரிமோட்டை ஆறு பட்டன் ரிமோட்டாக்குவது எப்படி?

இரவு. விளக்கை அணைத்தாயிற்று. படத்தில் இருவர் கிசுகிசுக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படி சத்தத்தைக் கூட்டலாம் என்று கட்டைவிரல் இருட்டில் துழாவுகிறது. அமுக்கியதும், இருந்த சத்தமும் போய்விடுகிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்பின் முகப்பில் ‘ஆப்டிகல் 2’ என்று எழுத்து ஓடுகிறது. வால்யூம் பட்டனுக்கு நாலு மில்லிமீட்டர் தள்ளி, அதே அளவில், அதே வடிவில், அதே கறுப்பில் இன்புட் பட்டன், எந்தக் கருவியின் ஒலி வர வேண்டும் என்று மாற்றுவது. பழைய இடத்துக்குத் திரும்ப அதை இன்னும் ஏழு முறை அமுக்க வேண்டும், ஏனென்றால் பின்னோக்கிப் போக வழியே வைக்கவில்லை.

அமுக்கிய விரலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வாங்கிய அன்று ஒரே ஒரு தடவை தேவைப்படும் ஸ்பீக்கர் செட்டப் பட்டனும், தினம் ஐம்பது தடவை தேவைப்படும் வால்யூம் பட்டனும் ஒரே அளவில் இருக்கும் ரிமோட் அது. பல மாடல்களுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டைச் செய்வதும் உண்டு. உங்கள் கருவியில் இல்லவே இல்லாத வசதிக்கும் அதில் பட்டன் இருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் தினப்படி தேவை ஆறுதான்: பவர், வால்யூம் கூட்ட, குறைக்க, மியூட், இரண்டு இன்புட். மீதியெல்லாம் விரலுக்கு எட்டாமல் போனால் பாதித் தொல்லை தீர்ந்தது. புது ரிமோட் வாங்குவது கடைசி வழி. அதற்கு முன் செய்யக் கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில், குற்றவாளி ரிமோட்தானா?

மோசமான வடிவமைப்பு வேறு, பழுது வேறு. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது எது எதுவென்று தெரியாமல் போகிறது. ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி. சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருங்கள். திரையில் வெளிர் ஊதாவாகப் புள்ளி துடிக்க வேண்டும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் வலுவான வடிகட்டி இருப்பதால் அது நம்பகமில்லை. நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை முதலில் காட்டிப் பார்த்து, உங்கள் போனுக்கு இது தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாப் பட்டனுக்கும் புள்ளி பளிச்சென்று வந்தும் ஆம்ப் அசையவில்லை என்றால் கோளாறு எதிர்ப்பக்கம். சில பட்டனுக்கு மட்டும் வரவில்லை என்றால் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பில் அழுக்கு அல்லது தேய்மானம். எதற்குமே வரவில்லை, அல்லது மங்கலாக வருகிறது என்றால் பேட்டரி செல்லைப் பாருங்கள்.

செல் விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. மல்டிமீட்டரில் 1.3 வோல்ட் காட்டும் ஏஏஏ செல், எல்.இ.டி. மின்னும் அந்தக் கணத்தில் சரிந்துவிடலாம். சும்மா வைத்து அளக்கும்போது 1.2 வோல்ட்டுக்குக் கீழே வந்த அல்கலைன் செல்லை யோசிக்காமல் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் பழையது சீக்கிரம் கசியும். வெள்ளைப் பொருக்கு பூத்திருந்தால் அது அல்கலைன் கசிவு. வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு இருந்தால் மென்மையாகச் சுரண்டி எடுங்கள்.

தகடு போல மெல்லிய கார்டு ரிமோட் தனி இனம். அதில் சி.ஆர்.2025 செல் இருக்கும், தடிமன் 2.5 மி.மீ. அவசரத்துக்கு 3.2 மி.மீ. தடிமனுள்ள சி.ஆர்.2032-ஐத் திணித்தால் தட்டு வளைந்து, பிறகு சரியான செல் போட்டாலும் ஆடும். பட்டன் செல் பெரிய மின்னோட்டம் தராது என்பதால் இந்த ரிமோட்டுகள் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தட்டை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். விழுங்கிய பட்டன் செல் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கீழே விழுந்த பிறகு மொத்தமாகச் செத்துப்போன ரிமோட் என்றால் ரெசனேட்டர் மீது, அதாவது ரிமோட்டின் துடிப்பு வேகத்தைத் தீர்மானிக்கும் சிறு பாகத்தின் மீது சந்தேகம் வரவேண்டும். பல ரிமோட்டுகளில் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர் ஒன்று இருக்கும். அதை 12-ஆல் வகுத்தால் வரும் 38 கிலோஹெர்ட்ஸ்தான் ரிமோட்டின் கட்டளையைச் சுமந்து போகும் சுமப்பு அலை. இதைச் சோதிக்க அழகான குறுக்குவழி இருக்கிறது. மீடியம் வேவ் ரேடியோவை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, ரிமோட்டை அதன் மீது ஒட்டிப் பிடித்து அமுக்கினால் ‘டர்ர்ர்’ என்று கேட்கும். மீடியம் வேவ் ரேடியோக்களின் உள் அலைவரிசையும் 455 கிலோஹெர்ட்ஸ் என்பதால் கிடைக்கும் பரிசு இது. சத்தம் வந்து, கேமராவில் புள்ளி வரவில்லை என்றால் எல்.இ.டி. அல்லது அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. இரண்டுமே இல்லை என்றால் ரெசனேட்டரின் காலில் சால்டர் விட்டிருக்கலாம். மறுபடி சூடுகாட்டினாலே சில சமயம் உயிர் வந்துவிடும்.

திறப்பது, துடைப்பது, அப்படியே தேவையற்ற பட்டனைக் கொல்வது

கட்டைவிரலை நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்பது ரிமோட் அழுக்கின் அடையாளம். சிலிகோன் ரப்பர் விரிப்பிலிருந்து வருடக்கணக்கில் ஒரு எண்ணெய்ப் பசை கசிந்து சர்க்யூட் போர்டின் மீது படியும். தேநீர் சிந்தத் தேவையில்லை, தானாகவே வரும். திறந்து பார்த்தால் போர்டு வியர்த்தது போல இருக்கும்.

திறக்கும் முறை:

1. செல்லை எடுத்துவிட்டு, செல் இருந்த குழிக்குள் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய லேபிளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கலாம். நகத்தால் வருடினால் பள்ளம் தெரியும்.

2. மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் கோட்டில் கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையோ, பழைய பிளாஸ்டிக் கார்டோ நுழையுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், விளிம்பைக் கடித்துவிடும். எல்.இ.டி. இருக்கும் முனையிலிருந்து தொடங்காமல், செல் பக்கத்திலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் போங்கள். ஒவ்வொரு கொக்கியும் ‘டக்’ என்று விடும்.

3. திறந்ததும் அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் பட்டன்கள் தனித்தனிப் பிளாஸ்டிக் துண்டுகளாக இருந்து உதிர்ந்துவிடும்.

4. போர்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். குச்சி அழுக்கானதும் மாற்றுங்கள். அதே குச்சியால் தேய்த்தால் பசை இடம்தான் மாறும். மலிவான போர்டுகளில் தொடுபுள்ளி கறுப்புக் கார்பன் மையால் அச்சிட்டதாக இருக்கும். அதை மணல் தாளால் தேய்த்தால் ரிமோட் அன்றோடு முடிந்தது.

5. ரப்பர் விரிப்பை வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் மென்மையாகக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் வில்லைகளை ஆல்கஹால் போட்டு உரச வேண்டாம்.

கழுவியும் வால்யூம் பட்டன் மட்டும் அடம்பிடித்தால் அதன் கார்பன் வில்லை தேய்ந்துவிட்டது. அலுமினியத் தாளில் 4–5 மி.மீ. வட்டம் வெட்டி, அந்த வில்லை மீது சிலிகோன் பசையால் ஒட்டலாம். உடனடிப் பசை சிலிகோன் ரப்பரில் பிடிக்காது, நாலு நாளில் கழன்று உள்ளே உருளும். உருண்ட துண்டு இரண்டு பட்டனைக் குறுக்கே இணைத்துவிட்டால் ரிமோட் ஓயாமல் எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்து செல்லைத் தின்றுவிடும். தாளின் முகப்பில் பசை படக் கூடாது, ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். இதற்கென்றே கார்பன் கலந்த பூச்சும் விற்கிறார்கள், அது இன்னும் சுத்தமான வேலை. மென்மையான முனையுள்ள பென்சிலால் வில்லையைக் கறுப்பாக்கும் வித்தை ஓரிரு வாரம் தாங்கும், அவ்வளவே.

ரிமோட் திறந்து கிடக்கும் இந்த நேரம்தான் முக்கியமான வேலைக்கு நேரம். உங்களைத் தினம் தடுக்கி விழவைக்கும் பட்டன் எது? அந்தப் பட்டனுக்கு நேர் கீழே, போர்டின் தொடுபுள்ளி மீது, சாதாரண ஒளிபுகும் செல்லோ டேப்பை 6 மி.மீ. சதுரமாக வெட்டி ஒட்டிவிடுங்கள். பட்டன் இருந்த இடத்தில் இருக்கும், அமுங்கும், ஆனால் எதுவும் செய்யாது. வேண்டுமென்றால் பிறகு உரித்துக்கொள்ளலாம். மின்வேலைக்கான கறுப்பு பிவிசி டேப் இதற்கு ஆகாது. அதன் பசை நாளடைவில் இளகி அக்கம்பக்கத்துக்கு ஓடும். ஒட்டும்முன் ஒன்றைச் சரிபாருங்கள்: செட்டப்புக்கு வேண்டிய அம்புக்குறி, ஓகே, மெனு ஆகியவற்றை மூடிவிடக் கூடாது. எதை மூடுவது என்று தெரியாதவர்கள் ஒரு வாரம் ரிமோட்டின் பின்பக்கம் ஒரு காகிதத்தை ஒட்டி, அமுக்கும் பட்டனை எல்லாம் கோடு போட்டுக் குறித்தால் போதும். ஏழாவது நாள் அந்தக் காகிதத்தில் ஆறேழு பெயர்தான் இருக்கும்.

விரலுக்குத் தெரியும்படி

இனி மிச்சமிருப்பவை கண் பார்க்காமலே அகப்பட வேண்டும். கறுப்பு மேனியில் சாம்பல் எழுத்து, அதுவும் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில். நல்ல வெளிச்சத்திலேயே படிக்க முடியாததை இருட்டில் படிக்க முயல வேண்டாம்.

அலமாரிக் கதவு மோதாமல் இருக்க ஒட்டும் ஒளிபுகும் சிலிகோன் குமிழ்களில் மிகச் சிறியதை வால்யூம் கூட்டும் பட்டனில் ஒன்று மட்டும் ஒட்டுங்கள். இரண்டிலும் ஒட்டினால் எது மேல், எது கீழ் என்று மறுபடி குழப்பம். மியூட்டுக்கு நெயில் பாலிஷை இரண்டு மூன்று அடுக்காக ஒரு கோடு இழுங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. ரப்பர் பட்டனாக இருந்தால் நெயில் பாலிஷ் உரிந்துவிடும், அங்கே சிலிகோன் பசையில் ஒரு துளி வையுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே வடிவில் இருக்கும் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிப்பது சகஜம். பின்பக்கத்தின் கீழ்ப்பாதியில் சொரசொரப்பான துணி டேப்பைச் சுற்றிவிட்டால் உள்ளங்கைக்கே திசை தெரிந்துவிடும். முனையில் இருக்கும் கருஞ்சிவப்புக் கண்ணாடி மீது மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

இருட்டில் ஒளிரும் டேப்பைப் பற்றி நிறைய எதிர்பார்ப்பு இருக்கிறது. விளக்கை அணைத்த முதல் அரை மணி நேரம் பிரகாசம், பிறகு மங்கல். ரிமோட் எங்கே கிடக்கிறது என்று காட்டும், பட்டனைக் காட்டாது.

ஆம்ப்பின் மெனுவில் செய்ய வேண்டியவை

ரிமோட்டின் பாவங்களில் சிலவற்றுக்குப் பரிகாரம் ஆம்ப்பிலேயே இருக்கிறது. ஒலி, படம் இரண்டையும் கையாளும் ஆம்ப்களான ஏ.வி. ரிசீவர்களில் இன்புட் பட்டியலில் பயன்படுத்தாதவற்றை மறைக்கவோ தாண்டிப்போகவோ அமைப்பு இருக்கும். எட்டு இன்புட்டை இரண்டாக்கினால், தவறி அமுக்கினாலும் இன்னொரு முறை அமுக்கியதும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். இதைவிடப் பலன் தரும் ஒற்றை மாற்றம் இந்த வேலையில் வேறில்லை.

அடுத்தது வால்யூம் உச்சவரம்பு, ஆன் செய்யும்போது தொடங்கும் வால்யூம் அளவு. இரண்டையும் வைத்துவிட்டால், ரிமோட் மீது யாராவது உட்கார்ந்தாலும் ஸ்பீக்கர் பிழைக்கும். டெசிபலில் யோசிக்கும்போது இது நினைவிருக்கட்டும்: 3 டெசிபல் கூடினால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும்; காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் ஆகும்.

டிவியோடு இணைந்த சவுண்ட்பார் அல்லது ரிசீவர் என்றால் அதன் ரிமோட்டையே ஓய்வெடுக்கச் சொல்லலாம். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் 13-ஆம் பின்னில் சி.இ.சி. என்ற கட்டளைத் தடம் ஓடுகிறது. டிவி ரிமோட்டின் வால்யூமும் பவரும் அந்த வழியாக ஆம்ப்புக்குப் போய்விடும். டிவி மெனுவில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க். டிவி, ஆம்ப் இரண்டிலும் இதை ஆன் செய்து, டிவியின் ஒலியை அதே கேபிளில் ஆம்ப்புக்கு அனுப்பும், ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று எழுதிய சாக்கெட்டிலேயே கேபிளைச் செருகி, டிவியின் ஒலி வெளியீட்டை அதற்கு மாற்ற வேண்டும். பிடிக்கவில்லை என்றால் இரண்டு கருவிகளின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, ஆம்ப்பை முதலில் போடுங்கள். ஆப்டிகல் கேபிள் இட்டிருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அதில் ஒலி மட்டும்தான் போகும், கட்டளை போகாது.

சி.இ.சி.யில் வால்யூம் விரலை எடுத்த பிறகும் ஒரு படி ஓடுவது போலத் தோன்றலாம். அந்தத் தடத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 400 பிட். விட்டுவிட்டு அமுக்கினால் சரியாக நிற்கும், அமுக்கிப் பிடித்தால் தாண்டிவிடும்.

ஆப்டிகலோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னொரு கதவு: பல சவுண்ட்பார்கள் டிவி ரிமோட்டின் வால்யூம் சிக்னலை நேரடியாகக் கற்றுக்கொள்ளும். கற்ற பிறகு டிவியின் சொந்த ஸ்பீக்கரை மெனுவில் அணைக்க மறந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும்.

ஒரு தட்டுக்கு வால்யூம் எகிறுகிறதா?

ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களின் நெடுநாள் புலம்பல் இது. ரிமோட்டை லேசாகத் தொட்டால்கூடச் சத்தம் துள்ளுகிறது. ராத்திரிக்குப் பொருத்தமான அளவு கிடைப்பதே இல்லை. பழியை ரிமோட் மீது போடுகிறோம், ஆனால் காரணம் பெரும்பாலும் சிக்னல் அளவு.

சிடி பிளேயரோ டிஜிட்டல் கருவியோ தருவது 2 வோல்ட். ஆம்ப்பின் லைன் இன்புட் பல சமயம் 200 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சக்தியையும் தந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. வித்தியாசம் பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல். ஆகவே வால்யூம் குமிழ் கடிகாரத்தின் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ரிமோட்டில் அமுக்கினால் குமிழைச் சுழற்றுவது ஒரு சின்ன மோட்டார். எவ்வளவு லேசாகத் தட்டினாலும் அது நகரும் குறைந்தபட்ச தூரம் ஒன்று உண்டு. நெருக்கடியான அந்த மூலையில் அந்தத் தூரமே பெரிய தாவல்.

மருந்து எளிது. ஆம்ப்பின் இன்புட்டில் 10 டெசிபல் குறைக்கும் ஆர்.சி.ஏ. அட்டெனுவேட்டர் ஜோடி ஒன்றைச் செருகுங்கள். குமிழ் பத்து, பதினொரு மணிக்கு நகர்ந்து வரும், ஒவ்வொரு தட்டும் சின்னதாகிவிடும். சால்டரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம்: ஒவ்வொரு சேனலுக்கும் சிக்னல் வழியில் தொடராக 6.8 கிலோ ஓம், அதற்குப் பின் ஆம்ப் பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3.3 கிலோ ஓம். கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போதும். 47 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்ப்பில் இது கிட்டத்தட்ட சரியாக 10 டெசிபல் குறைக்கும். அதுவும் போதவில்லை என்றால் 9.1 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ஜோடி 20 டெசிபல் தரும். கேபிளின் ஆம்ப் முனையில்தான் பொருத்த வேண்டும். டர்ன்டேபிள் செருகும் ஃபோனோ இன்புட்டில் இதைச் செய்யாதீர்கள், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் சுமை மாறி ஒலியே மாறிவிடும். ஸ்பீக்கர் பக்கம் இந்த ரெசிஸ்டர்கள் போகவே கூடாது, எரிந்துவிடும்.

ஒரே ரிமோட்டாக மாற்றுவது என்றால்

மற்ற ரிமோட்டுகளின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும் வகை யூனிவர்சல் ரிமோட் நல்ல முதலீடு, பட்டன் குறைவாக இருப்பதை எடுத்தால். தொடுதிரையில் படம் காட்டுவதை எடுத்தால் பழைய தொல்லை புது வேடத்தில் வரும். இருட்டில் தொடுதிரையை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. கருவிகளின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு ஒரே தட்டில் எல்லாவற்றையும் இயக்கிய லாஜிடெக் ஹார்மனி வரிசையின் உற்பத்தியை 2021-இல் நிறுத்திவிட்டார்கள்.

கற்பிக்கும்போது இரண்டு ரிமோட்டையும் மேசை மீது முனைக்கு முனை, 3 முதல் 5 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். உயரம் சமமாக இல்லையென்றால் அடியில் ஒரு புத்தகம் வையுங்கள். நேர்வெயில் வேண்டாம், குழல் விளக்கை அணையுங்கள். பவர், மியூட், இன்புட் ஆகியவற்றைச் சட்டென்று ஒரு தட்டு தட்டிக் கற்பியுங்கள். பல கருவிகள் பயன்படுத்தும் என்.இ.சி. என்ற சிக்னல் முறையில் முதலில் முழுக் கட்டளை போகும், பட்டனை விடும் வரை விநாடிக்கு ஒன்பது முறை ‘அதேதான், அதேதான்’ என்ற குட்டிச் சிக்னல் மட்டும் போகும். நீளமாகப் பிடித்தால் கற்கும் ரிமோட் அந்தக் குட்டிச் சிக்னலை மட்டும் பிடித்துக்கொண்டு ஏமாறலாம்.

மியூட் ஒரு தடவை வேலை செய்து, இரண்டாம் தடவை செய்யாமல், வேறேதாவது பட்டனை அமுக்கிய பிறகு மறுபடி வேலை செய்கிறதா? அது ஆர்.சி.5 என்ற இன்னொரு சிக்னல் முறையின் கைவரிசை. 36 கிலோஹெர்ட்ஸில் ஓடும் அந்த முறையில் ஒவ்வொரு புது அமுக்கலுக்கும் ஒரு பிட் புரளும்; புரளவில்லை என்றால் ‘இன்னும் விரலை எடுக்கவில்லை’ என்று ஆம்ப் எடுத்துக்கொள்ளும். கற்றுக்கொண்ட ரிமோட் கிளிப்பிள்ளை போல அதே பிட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. கற்பிப்பதை விட்டுவிட்டு, ரிமோட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் குறியீட்டுப் பட்டியலிலிருந்து உங்கள் ஆம்ப்பைத் தேர்ந்தால் சரியாகிவிடும். பேங் அண்ட் ஒலுஃப்சென் கருவிகளுக்குச் சாதாரணக் கற்கும் ரிமோட் உதவாது, அவர்கள் 455 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறார்கள்.

பல கட்டளைகளை ஒரே பட்டனில் கோக்கும்போது தலைவலி தருவது பவர். ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளை என்றால், ஏற்கெனவே ஆன் ஆக இருக்கும் ஆம்ப் அணைந்துவிடும். பல கருவிகள் தனி ஆன், தனி ஆஃப் கட்டளையைப் புரிந்துகொள்ளும், கூட வந்த ரிமோட்டில் மட்டும் அதற்குப் பட்டன் இருக்காது. யூனிவர்சல் ரிமோட்டின் பட்டியலில் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு தந்திரம்: சில ஆம்ப்கள் இன்புட் பட்டனை அமுக்கினாலே விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதில் ஆன் செய்ய இன்புட் மட்டும் அனுப்புங்கள். ஆஃப் செய்ய முதலில் இன்புட், விழித்தெழ ஐந்தாறு விநாடி இடைவெளி, பிறகு பவர். எந்த நிலையில் இருந்தாலும் சரியான இடத்தில் முடியும்.

சப்-வூஃபரையும் பவர் ஆம்ப்பையும் ரிமோட்டில் சேர்க்கவே வேண்டாம். ஒரு கருவி ஆன் ஆனதும் மற்றதையும் எழுப்பும் 12 வோல்ட் டிரிக்கர் சாக்கெட் பின்பக்கம் இருந்தால் 3.5 மி.மீ. மோனோ பிளக் கேபிள் ஒன்றே போதும், தலைவரான ரிசீவர் எழுந்தால் தொண்டர்களும் எழுவார்கள்.

இரண்டு கருவி ஒன்றாகத் துள்ளினால், ஒன்றும் துள்ளாவிட்டால்

ஒரே நிறுவனத்தின் ரிசீவரும் ஸ்டீரியோ ஆம்ப்பும் ஒரே அறையில் இருந்தால் ஒரு வால்யூமுக்கு இரண்டும் ஏறும். செட்டப் மெனுவில் ரிமோட் ஐ.டி. என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஒரு கருவியை 2-க்கு மாற்றி, அதன் ரிமோட்டையும் 2-க்கு மாற்ற வேண்டும். கருவியை முதலில் மாற்றிவிட்டு ரிமோட்டை மறந்தால், மெனுவுக்குத் திரும்ப ரிமோட் வேலை செய்யாது. ஐ.டி. வசதியே இல்லையென்றால், ரிமோட் தேவைப்படாத கருவியில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் உணர்கண்ணில் சிறு துண்டு அலுமினியத் தாள் டேப் ஒட்டுவதுதான் வழி. அந்தக் கண்ணைக் கண்டுபிடிக்க டார்ச்சை முகப்பின் மீது சாய்த்து அடித்தால், கருங்கண்ணாடிக்குப் பின்னால் சின்ன உருண்டை தெரியும்.

சவுண்ட்பார் டிவியின் கண்ணை மறைப்பது மற்றொரு வகை. டிவியை 5 செ.மீ. உயர்த்துவது அல்லது சவுண்ட்பாரை முன்னே இழுத்துத் தாழ்த்துவது போதுமா என்று பாருங்கள். போதவில்லை என்றால் ஐ.ஆர். ரிப்பீட்டர் வாங்கலாம்: ஒரு வாங்கி, ஒரு வயர், கருவியின் கண் மீது ஒட்டும் ஒரு எல்.இ.டி. மூடிய அலமாரிக்குள் இருக்கும் ஆம்ப்புக்கும் இதுவே. எல்.இ.டி.யைக் கண்ணுக்கு நேர் மேலே ஒட்டாமல் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினால் கண் திணறாது. ரிப்பீட்டரின் வாங்கி டிவித் திரையின் விளிம்பில் இருந்தால் திரை வெளிச்சத்தில் குழம்பித் தானாகத் துடிக்கும். ஒரு சாண் தள்ளி வையுங்கள். குறிப்பிட்ட விளக்கைப் போட்டால் மட்டும் ரிமோட்டின் எட்டும் தூரம் சுருங்குகிறது என்றால், அந்த விளக்கின் ஒளியும் உணர்கண்ணைச் செவிடாக்குகிறது. விளக்கை மாற்றுங்கள், ரிமோட்டை அல்ல.

இத்தனைக்கும் பிறகு கூட வந்த பெரிய ரிமோட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஸ்பீக்கர் தூரம், மென்பொருள் புதுப்பிப்பு, தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது போன்றவற்றின் மெனு பல கருவிகளில் அந்த ரிமோட்டில் மட்டுமே திறக்கும். செல்லைக் கழற்றிவிட்டு, ரிமோட் ஐ.டி. எண்ணையும் எந்தெந்தப் பட்டனுக்கு அடியில் டேப் ஒட்டினீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, செல் குழிக்குள் மடித்து வைத்து, ஆம்ப் வந்த அட்டைப் பெட்டியில் போட்டு மூடுங்கள்.